பச்சையும் அரும்பும்: சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தப் படிநிலை நூல்களைத் தேர்வது?

“டீச்சர், இவன் பள்ளிக்கூடத்துல பச்சைக்கு வந்துட்டான். உங்ககிட்ட மட்டும் ஏன் இன்னும் அரும்புலயே இருக்கான்?” என்று, இரண்டாம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவனின் தாய் என்னைக் கேட்டார். பணி ஓய்வுக்குப் பிறகு குடியாத்தத்தில் என் வீட்டு முன்னறையில் மாலை நேரத்தில் ஒரு சிறிய வாசிப்பு அறை நடத்திவருகிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் சிலர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தமிழ்வழியிலும், சிலர் தனியார் பள்ளிகளில் ஆங்கிலவழியிலும் பயில்கிறார்கள். தமிழைத் தவிரத் தெலுங்கையோ உருதுவையோ வீட்டில் பேசும் பிள்ளைகளும் அதே பாயில்தான் உட்காருகிறார்கள். ஆந்திர எல்லையை ஒட்டிய இந்த ஊரில் அது புதிதல்ல.

அந்தத் தாய் கேட்டது நியாயமான கேள்வி. அவர் சொன்ன ‘பச்சை’ என்பது ஆங்கில வாசிப்பு நூல்களின் முதுகில் ஒட்டப்படும் வண்ணப் பட்டை. ‘அரும்பு’ என்பது தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் முதல் நிலை. இரண்டையும் ஒரே அளவுகோலின் இரண்டு கோடுகளாக அவர் எண்ணிக்கொண்டார். அவர் அப்படி எண்ணும்படி விட்டது ஆசிரியர்களாகிய எங்கள் குறை. பிள்ளைக்கு ஒரு படிநிலையைச் சொல்லி அனுப்புகிறோமே தவிர, அது எதை அளக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்வதில்லை. இந்த ஆண்டு தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து புத்தகம் வாங்கப் பணம் கொடுத்தபோது, எந்த அளவுகோலை நம்பி வாங்குவது, வாங்கியவற்றை எந்த வரிசையில் அடுக்குவது என்று நானே முடிவு செய்ய வேண்டிய நிலை வந்தது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களாக இப்போது பிரிந்திருக்கும் இந்தப் பழைய வேலூர் மாவட்டப் பகுதியில், இதே குழப்பத்தில் இருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படலாம் என்பதால், நான் ஒப்பிட்டுப் பார்த்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஆங்கில வண்ணப் பட்டைகளைப் பார்ப்போம். இவை பிரிட்டனின் பள்ளிகளில் வளர்ந்த முறை. இளஞ்சிவப்பில் தொடங்கி, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, ஆரஞ்சு, டர்க்காய்ஸ், ஊதா, பொன்னிறம், வெள்ளை, எலுமிச்சை நிறம் என்று ஏறிச்செல்லும். எழுத்தே இல்லாத படநூல்களுக்கு இவற்றுக்கும் முன்னால் வெளிர் ஊதா என்றொரு நிலை உண்டு. 1980-களிலிருந்து வெளிவரும் ஆக்ஸ்ஃபோர்டு ரீடிங் ட்ரீ போன்ற வரிசைகள் தமக்கென எண்களையும் வைத்திருக்கின்றன; அந்த வரிசையின் 5-ஆம் நிலைதான் பச்சை. அமெரிக்க நூல்களில் ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை 26 நிலைகளாகப் பிரிக்கும் முறையும், வாக்கிய நீளத்தையும் சொற்கள் எவ்வளவு அடிக்கடி புழங்குகின்றன என்பதையும் கணக்கிட்டு ஓர் எண்ணைத் தரும் லெக்சைல் முறையும் பரவலாக உள்ளன.

இவற்றை வாங்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே வண்ணத்துக்குள் அடிப்படையிலேயே வேறுபட்ட இரண்டு வகை நூல்கள் கலந்திருக்கின்றன. முதல் வகையில் படத்தையும் கதையோட்டத்தையும் பார்த்து, திரும்பத் திரும்ப வரும் சொல்லை முழுவடிவமாக நினைவில் வைத்துக் குழந்தை வாசிக்கிறது. இரண்டாவது வகை ஒலிப்பு முறை நூல்கள். இவற்றில் கற்றுத்தந்த எழுத்தொலிகளைக் கொண்டு கூட்டி வாசிக்கக்கூடிய சொற்கள் மட்டுமே வரும். ஜாலி ஃபோனிக்ஸ் என்னும் ஒலிப்புப் பாடமுறை 42 ஒலிகளை 7 தொகுதிகளாகப் பிரித்து, ‘எஸ், ஏ, டி, ஐ, பி, என்’ என்னும் 6 எழுத்துகளின் ஒலிகளோடு தொடங்குகிறது. இந்த 6 ஒலிகளைக் கொண்டே சிறுசிறு சொற்கள் பலவற்றைக் குழந்தை தானாகக் கூட்டிவிடும். இங்கிலாந்தில் 2006-க்குப் பிறகு ஒலிப்பு முறையே முதன்மை பெற்றது. 2012 முதல் முதல் வகுப்பு முடிவில் அதற்கென ஒரு தேர்வும் நடக்கிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதுகிறார்கள். ‘ஒன்று’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ‘ஓ’ என்ற எழுத்தில் தொடங்கி ‘வ’ ஒலியில் ஒலிக்கிறது. இத்தகைய மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஆண்டுக்கணக்கில் படிப்படியாக விரித்துக்கொண்டு போவது தவிர்க்க முடியாதது. ஒரு டஜன் வண்ணங்கள் தேவைப்பட்டதற்கு இது முக்கியமான காரணம் என்று கருதுகிறேன்.

ஆனால் அந்த வண்ணங்கள் எல்லாவற்றுக்கும் அடியில், சொல்லப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது: குழந்தை ஏற்கெனவே அந்த மொழியைப் பேசுகிறது, எழுத்து மட்டும்தான் புதிது. லண்டனில் ஐந்து வயதுக் குழந்தை ‘மிட்டன்’ என்று எழுத்துக்கூட்டி முடித்த கணத்தில், தன் கைகளில் மாட்டும் கம்பளி உறை அதன் நினைவுக்கு வந்துவிடும். வேலூர் வெயிலில் வளரும் குழந்தை அதே சொல்லைப் பிழையின்றிக் கூட்டிவிட்டு, அடுத்த சொல்லுக்குப் போய்விடும். என்னிடம் வந்த அந்தச் சிறுவன் பச்சை நிலை நூலை என் முன்னால் நன்றாகவே வாசித்தான். மூடி வைத்துவிட்டு, கதையைத் தமிழில் சொல்லும்படி கேட்டேன். நாய் ஒன்று வந்தது என்பதைத் தவிர அவனால் எதுவும் சொல்ல முடியவில்லை. நாயும் படத்தில் இருந்தது. அவனுடைய பள்ளியை நான் குறைகூறவில்லை. அந்த வண்ணம் எழுத்துக்கூட்டும் திறனைச் சரியாகவே அளந்திருக்கிறது. புரிந்துகொள்ளும் திறனை அது அளக்கவில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். இங்கே நமக்கு முன்னால் இருப்பவை முக்கியமாக மூன்று.

குழந்தை நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் 4 நிலைகள் உள்ளன. முதல் நிலையில் எளிய சொற்களும் மீள்வருகையும் கொண்ட, 250 சொற்களுக்கு உட்பட்ட கதைகள். இரண்டாம் நிலை 600 சொற்கள் வரை. மூன்றாம் நிலை 1,500 சொற்கள் வரை. அதற்கும் மேற்பட்டவை நான்காம் நிலை. கதைகளை இலவசமாகப் பதிவிறக்கலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருப்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டு அச்சிட்டுக் கொடுக்கவும் தடையில்லை. குறைந்த பணத்தில் நூலகம் அமைக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

அடுத்தது அரசுத் திட்டம். கொரோனாக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும், பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும், அதன் உண்மையான நிலையைக் கண்டறிந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது இதன் அடிப்படை. இதையடுத்து வந்த வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரித்தது. இந்த நான்கு பெயர்களும் எனக்கு மிகவும் பிடித்தவை. அரும்பு என்பது குழந்தையைக் குறிக்கும் பெயர்ச்சொல். ‘நட’ என்பதோ அந்தப் புத்தகத்தைக் கையிலெடுத்தால் செய்ய வேண்டிய வேலை. “இவன் அரும்பு” என்று ஒரு பிள்ளையைச் சுட்டிச் சொல்லிவிட முடிகிறது. “இவன் நட” என்று தமிழில் சொல்ல வராது. வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றவர்களுக்கு இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றாது.

மூன்றாவது, கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அறிய நடக்கும் ஏசர் கணக்கெடுப்பில் 2005 முதல் பயன்படும் ஒற்றைத்தாள். எழுத்து, சொல், முதல் வகுப்பு நிலைப் பத்தி, இரண்டாம் வகுப்பு நிலைக் கதை ஆகியவை அதில் இருக்கும். சில நிமிடங்களில் ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்று அது காட்டிவிடும். ஆனால் அது பிள்ளையை அளப்பதற்கு மட்டுமே உரியது. புத்தகத்தை வரிசைப்படுத்த உதவாது. வயதை மட்டும் அட்டையில் அச்சிடும் பதிப்பகங்களும் உண்டு. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தவர்கள் அந்த எண்ணை நம்பி வாங்க மாட்டார்கள்.

முன்பு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இருந்த செயல்வழிக் கற்றல் முறையில் ஏணிப்படிகளையும் அட்டைகளையும் வைத்துக்கொண்டு பணியாற்றிய ஆசிரியர்களுக்கு, வகுப்பைப் பாராமல் பிள்ளையின் படியைப் பார்ப்பது புதிதல்ல. எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ஆகவே, ஸ்டோரிவீவரின் 4 நிலைகளை அப்படியே என் அலமாரியின் 4 தட்டுகளாக்கிக்கொள்ளலாம் என்று முதலில் முடிவு செய்தேன். அது நான் செய்த தவறு. முதல் நிலை நூல்கள் சிலவற்றில் தேங்கி நின்ற பிள்ளைகள், இரண்டாம் நிலை நூல்கள் சிலவற்றைத் தடையின்றி வாசித்தார்கள். காரணத்தைத் தேடி, அந்த நூல்களை நானே எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான், தமிழ் வாசிப்பின் கடினம் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகப் புரிந்தது.

சொற்களை எண்ணி நிலையை முடிவு செய்யும் முறை ஆங்கிலம் போன்ற மொழிகளுக்குப் பொருந்துகிறது. தமிழ் ஒட்டிக்கொண்டே போகும் மொழி. “அவர்கள் வந்துகொண்டிருக்கவில்லை” என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 4 சிறிய சொற்கள் வரும். தமிழில் 2 சொற்கள்தாம். ஆனால் இரண்டாவது சொல்லில் மட்டும் 12 எழுத்துகள் இருக்கின்றன. முதல் வகுப்புக் குழந்தை ஏழாவது எழுத்தை எட்டும்போது முதல் எழுத்து நினைவிலிருந்து நழுவியிருக்கும். மொழிபெயர்ப்புக் கதைகளில் பெரும்பாலும் மூலத்தின் நிலையையே தமிழுக்கும் இட்டுவிடுவதால், எண்ணிக்கையில் எளிதாகத் தோன்றும் நூலுக்குள் இத்தகைய நெடுஞ்சொற்கள் ஒளிந்திருக்கும். ஒரு தமிழ் நூலைக் கையிலெடுத்தால், அதில் எத்தனை சொற்கள் என்று பார்ப்பதைவிட, மிக நீண்ட சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று பார்ப்பது நல்லது. முதல் தட்டில் 4 எழுத்துகளுக்கு மேற்பட்ட சொற்கள் அரிதாக வர வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு.

இரண்டாவது கடினம் வரிவடிவத்தில் இருக்கிறது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. ககரத்துக்கு இடத்துக்கேற்ப ஒலி மாறினாலும், தமிழ் பேசும் குழந்தைக்கு அது தானாக வந்துவிடும். பாரம் எண்ணிக்கையில் இருக்கிறது. 12 உயிரும் 18 மெய்யும் 216 உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகள் தனி. ஆகார, இகரக் குறிகளைப் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். கு, சு, டு, து என்று மெய்க்கு மெய் வடிவம் மாறும் உகர, ஊகார வரிசைகளில் தடுமாறுகிறார்கள். அதைவிடக் கடினம் கொ, கோ, கௌ போன்றவை: ஒலியில் பின்னால் வரும் உயிரின் குறி எழுத்தில் மெய்க்கு முன்னும் பின்னும் நிற்கிறது. இடமிருந்து வலமாக வாசிக்கக் கற்றுக்கொண்ட குழந்தை, ‘கொடி’ என்பதைக் ‘கெ… கா… டி’ என்று கூட்டுவதைக் கவனமின்மை என்று எண்ணி அதட்டக் கூடாது. கற்றுக்கொண்ட ஒழுங்கைத்தான் அது பின்பற்றுகிறது.

இதற்கு நேர்மாறாக, எளிமையும் தமிழுக்குள் இருக்கிறது. ட, ப, ம ஆகிய 3 எழுத்துகளும் மெய்ப்புள்ளியும் தெரிந்த குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் என்று அன்றே வாசித்துவிடும். ஆங்கிலத்தின் ஒலிப்பு முறை நூல்களுக்கு இணையான தமிழ் நூல் என்றால், எழுத்துகளை இப்படி அளந்து எடுத்துக் கதை சொல்லும் நூல்தான். அத்தகைய நூல்கள் போதுமான அளவு கிடைப்பதில்லை என்பது எனக்கு மனவருத்தம். அரும்பு நிலைப் பயிற்சி நூல்கள் ஓரளவு இந்தப் பணியைச் செய்கின்றன, கதைநூல்கள் செய்வதில்லை. ஆகவே முதல் தட்டுக்கு மட்டும், எழுத்துகளை அளந்து, பிள்ளைகள் பார்த்துப் பழகிய கைத்தறியையும் எங்கள் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவையும் வைத்து நானே எட்டுப் பக்கத் தாள்களைத் தைத்து வைத்திருக்கிறேன்.

மூன்றாவது கடினம், பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு. எங்கள் பகுதிப் பிள்ளை “வந்துகினு இருந்தாங்க” என்று பேசும். புத்தகம் “வந்துகொண்டிருந்தார்கள்” என்று எழுதியிருக்கும். தமிழ்க் குழந்தைக்கும் எழுத்துத் தமிழ் பாதி புதிய மொழியே. உரையாடலைப் பேச்சு வழக்கில் எழுதிய நூல்கள் இந்தத் தொலைவைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தேன். காதுக்கு எளிதாக இருந்தாலும், கண்ணுக்கு அவை பழக்கமற்ற எழுத்துக்கூட்டாக இருந்ததால், தொடக்க நிலையில் அவை உதவவில்லை. நட நிலையைத் தாண்டிய பிள்ளைகள்தாம் அவற்றைச் சிரித்துக்கொண்டே வாசித்தார்கள்.

உருதுவையோ தெலுங்கையோ வீட்டில் பேசும் பிள்ளைகளுக்கு, ஆங்கில வண்ணங்களுக்கு நான் சொன்ன அதே குறை தமிழ்ப் படிநிலைகளிலும் இருக்கிறது. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தமிழ்வழியில் படிக்கும் உருதுக் குழந்தை, மொட்டு நிலையைப் பிழையின்றி வாசித்தும் பொருளறியாமல் இருக்கலாம். அவர்களுக்கு முதலில் வேண்டியது, அதே நிலையில் நிறையப் படங்களும், யாராவது உரக்க வாசித்துக் காட்டுவதும், பேச்சும். கீழ்நிலை நூலுக்கு இறக்குவது அதற்கு மாற்றாகாது. இன்னொன்றும் கண்டேன். எழுத்து வரிசைப்படி கடைசியில் வரும் ஷ, ஜ, ஹ போன்றவற்றை, தன் பெயரிலேயே அவை இருப்பதால், இந்தப் பிள்ளைகள் முதலில் அறிந்துகொள்கிறார்கள்.

ஆகவே எந்த அச்சிட்ட நிலையையும் தொடக்கக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, முடிவைக் காதால் செய்ய வேண்டும் என்பது என் துணிபு. நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே உருவாக்கிய ஓட்டப் பதிவு முறை இதற்கு உதவுகிறது. பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் அமர்ந்து பிழைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். 100 சொற்களில் 95 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் தனியே வாசிக்க ஏற்ற நூல். 90 முதல் 94 வரை வந்தால் நம்மோடு சேர்ந்து வாசிக்க ஏற்றது. 90-க்குக் கீழே என்றால் இப்போதைக்கு வேண்டாம். தமிழில் முதல் தட்டு நூல்களுக்கு 100 சொற்கள் அதிகம் என்பதால் 40, 50 சொற்களில் நிறுத்திவிடுகிறேன். ர, ற வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் எங்கள் பேச்சிலேயே மங்கியிருப்பதால் அவற்றைப் பிழையாக எண்ணுவதில்லை. ‘வரவில்லை’ என்பதை ‘வந்தான்’ என்று வாசித்தால் அது பிழை. படத்தைப் பார்த்து ஊகிக்கிறது என்று பொருள். பிறகு புத்தகத்தை மூடி, கதையை எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லச் சொல்கிறேன். அரைகுறைத் தமிழிலோ தெலுங்கு கலந்தோ கதை முழுதாக வந்தால் அந்த நூல் பிள்ளைக்கு ஏற்றது.

வேகத்தைக் கணக்கிடுவதில் எச்சரிக்கை தேவை. 2021-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் என்ற இலக்கைச் சொன்னது. அடுத்த ஆண்டு நடந்த அடிப்படைக் கற்றல் ஆய்வு, மொழிக்கு மொழி தனித்தனி அளவுகளை வகுத்தது. நெடுஞ்சொற்கள் நிறைந்த தமிழில் 60 என்ற எண்ணைக் கடிகாரத்தோடு வைத்துப் பிள்ளையை விரட்டுபவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்து நான் செய்த தேர்வு இது. பணத்தில் பெரும்பகுதியைத் தமிழ் நூல்களுக்கு ஒதுக்கினேன். ஸ்டோரிவீவரின் முதல் இரண்டு நிலைக் கதைகளைத் தேர்ந்து அச்சிட்டேன். நுழை, நட, ஓடு, பற என்ற பெயர்களைத் தட்டுகளுக்கு வைத்து, ஒவ்வொரு நூலையும் எழுத்து நீளம், ஒகரக் குறிகள் ஆகியவற்றைப் பார்த்து மறுபடி அடுக்கினேன். நன்கொடையாக வந்த மிகப் பழைய நூல்களில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்கள் இருந்ததால், அவற்றை மேல்தட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைத்தேன். ஆங்கிலத்துக்கு முழு வண்ண வரிசையை வாங்கவில்லை. விலையும் அதிகம், மேல் வண்ணங்களின் உலகம் எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியமும்கூட. ஒலிப்பு முறையில் அமைந்த தொடக்க நூல்கள் ஒரு சிறு தொகுதியும், தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ள இருமொழிப் படநூல்கள் சிலவும் போதும் என்று முடிவு செய்தேன். ஆங்கிலவழிப் பள்ளியில் ஏற்கெனவே வண்ண வரிசை இருக்கும் பிள்ளைகள் அதையே தொடரட்டும். வீட்டில் அந்த நூலின் கதையைத் தமிழில் கேட்கும் வேலையை மட்டும் பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்கள் அரசு நிலைகளை விட வேண்டியதில்லை. நிலை என்ன என்பதைப் பிள்ளையின் காதில் விழும்படி சொல்லாமல் இருந்தால் போதும்.

பச்சைக்கு வந்த சிறுவனின் தாய், தமிழ் வாசிக்கத் தெரிந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி வேலைக்குப் போனவர். இரண்டு நூல்களையும் அவர் முன்னால் மகனிடம் கொடுத்து, வாசிக்கவும் கதை சொல்லவும் செய்தேன். ஆங்கில நூலை அவன் நிற்காமல் வாசித்தபோது அவர் முகம் மலர்ந்தது. கதை கேட்டபோது அவன் மௌனமானான். தமிழ் நூலில் ‘கொக்கு’ என்ற சொல்லில் இருமுறை தடுக்கி, அதைத் தாண்டியதும், கொக்கு எங்கே நின்றது, மீன் ஏன் ஓடியது என்று அவனே சொல்லத் தொடங்கினான். “அப்போ ரெண்டும் வேற வேற கணக்கு” என்றார் அவர். இப்போது இரவில் அவன் பச்சை நூலை வாசிக்க, அவர் கதையைத் தமிழில் கேட்கிறார். என்னிடமிருந்து வாரம் இரண்டு ‘நுழை’ நூல்களும் அவர்கள் வீட்டுக்குப் போய்வருகின்றன.